பெயரும் எண்ணும்: திண்டுக்கல் வட்டாரப் படைவீர மூதாதையர் பற்றிய ஆவணங்கள் – ஒரு மூலத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வரலாறு எழுதுவோரும் வட்டார வரலாற்று ஆய்வாளரும் மூதாதையரின் படைப்பணியை உறுதிசெய்யப் படைத்துறை ஆவணங்களை நாடுகின்றனர். ஆவணத்தில் பெயர் இருந்தால் பணி மெய். இல்லையேல் அது வீட்டுக்கதை என்னும் முடிவு எளிதில் எட்டப்படுகிறது. இம்முடிவு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். 18ஆம் நூற்றாண்டு முதல் இரண்டாம் உலகப்போர் வரையிலான சென்னைப் படையின் ஆவண அமைப்பில், சிப்பாயின் பெயர் பட்டாள அளவில் தங்கியது. எண்ணிக்கை மட்டுமே மேலே சென்றது. பட்டாளம் கலைந்தபோது பெயரும் கலைந்தது. திண்டுக்கல் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு இவ்வமைப்பை ஆராயும் இக்கட்டுரை, படை ஆவணங்களைச் சுவடிப் பதிப்பாளரின் கண்கொண்டு வாசிக்க வேண்டும் என வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: திண்டுக்கல், சென்னைப் படை, மூலத் திறனாய்வு, நடுகல், வமிசாவளி, குடும்ப வரலாறு

1. முன்னுரை

திண்டுக்கல் சமவெளி ஊர்களில் ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்னும் அடையாளம் இன்றும் வழக்கில் உள்ளது. அவ்வீட்டிலிருந்து படைக்குச் சென்றவர் யார், எந்தப் பிரிவில் இருந்தார், எங்கே போரிட்டார், எப்போது திரும்பினார் என்று கேட்டால் வீட்டாரிடம் முழு விடை கிடைப்பது அரிது. ‘பாட்டன் பஸ்ரா போனார்’, ‘பர்மாவில் தவறிவிட்டார்’ என்ற அளவில் நினைவு நின்றுவிடுகிறது. எஞ்சியதை நிரப்ப ஆவணத்தைத் தேடுவது இயல்பு. இணையத் தரவுத்தளங்கள் பெருகியபின் இத்தேடல் ஆய்வாளர் வட்டத்தைக் கடந்து பொதுமக்களிடமும் பரவியுள்ளது.

தேடுவோர் இருவகையான முடிவுகளுக்கு வருகின்றனர். முதல் வகையினர், ஒத்த பெயரொன்றைக் கண்டதும் அதைத் தம் முன்னோராகவே கொள்கின்றனர். இரண்டாம் வகையினர், பெயரைக் காணாதபோது வாய்மொழி நினைவையே ஐயுறுகின்றனர். இரு முடிவுகளுக்கும் அடிப்படை ஒன்றே: படை ஆவணம் நடந்ததை நடந்தவாறு காட்டும் கண்ணாடி என்னும் நம்பிக்கை.

தமிழாய்வில் மூலங்களை இவ்வாறு நம்பும் வழக்கம் இல்லை. ஓர் ஏட்டில் ஒரு பாடல் காணப்படாவிட்டால், அப்பாடலே இல்லை என்று பதிப்பாசிரியர் முடிவுகட்டுவதில்லை. ஏடு எங்கே சிதைந்தது, எழுதியவர் எதை விட்டார், யாருக்காகப் படியெடுத்தார் என்று கேட்கிறார். இக்கேள்விகளைப் படை ஆவணத்தின்முன் வைப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சியாகும்.

2. ஒரு கோட்டை, மூன்று படைகள்

திண்டுக்கல்லில் ‘படையில் இருந்தார்’ என்னும் தொடருக்கு ஒற்றைப் பொருள் இல்லை. 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லில் அமர்ந்தார். 1767இல் ஆங்கிலக் கம்பெனி கோட்டையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே ஹைதர் அதை மீட்டார். 1783இல் கம்பெனி மீண்டும் பிடித்தது. 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையின்படி திருப்பியளித்தது. 1790இல் மீண்டும் கைப்பற்றிய கம்பெனிக்கு, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை நிலையாக உரிமையாக்கியது. முப்பத்தேழு ஆண்டுகளில் இத்தனை முறை கைமாறிய கோட்டைக்குள் நின்ற வீரர் யாருடைய பதிவேட்டில் இடம்பெறுவார் என்பதே முதல் சிக்கல்.

மைசூர்ப் படை, கம்பெனிப் படை, பாளையக்காரர் படை என மூன்று படைகள் இவ்வட்டாரத்தில் இயங்கின. ஒரே குடும்பத்தின் உறுப்பினர்கள் இம்மூன்றிலும் பணியாற்றியிருக்க வாய்ப்புண்டு. ஆயினும் கம்பெனி ஆவணம் தன்னிடம் சம்பளம் பெற்றவரை மட்டுமே தன்னவராக அறியும். டபிள்யூ. ஜே. வில்சன் ஐந்து தொகுதிகளாக (1882–1889) எழுதிய சென்னைப் படை வரலாறு, அரசு ஆவணங்களைத் துணைக்கொண்டு பட்டாளங்களின் தோற்றம், நகர்வு, தளபதிகள் ஆகியவற்றை விரித்துரைக்கிறது. அத்தகைய நூலில் கோட்டையின் மறுபக்கத்தில் நின்றவர் ‘எதிரி’ என்னும் தொகைச்சொல்லாகவே வர முடியும். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் திண்டுக்கல்லில் பேகம்பூர் விளங்குகிறது. அவருடைய தமையனின் படையில் இருந்த எளிய வீரரின் நினைவைத் தாங்கும் இடம் அந்நகரில் இல்லை.

பாளையக்காரர் படையின் நிலை இன்னும் வேறு. அங்கே பணிக்கு ஈடாகக் கிடைத்தது பெரிதும் நிலமும் மானியமுமே. ஆகவே அப்படையினரைப் பட்டாளப் பதிவில் தேடுவது பயனற்றது. மானிய நிலங்களை ஆராய 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் இத்தேடலுக்கு உரிய வாயில். படைவீரரைத் தேடுபவர் நிலப் பதிவை நாட வேண்டியிருப்பது முதற்பார்வைக்கு வியப்பளிக்கலாம். எவ்வழியாக ஊதியம் வந்ததோ அவ்வழியில்தான் பெயர் எஞ்சும் என்னும் பொதுவிதியை இது உணர்த்துகிறது.

பாளையக்காரர் தரப்பின் எழுத்து மூலமாகப் பெரிதும் எடுத்தாளப்படுவது ‘பாளையப்பட்டுகளின் வமிசாவளி’ ஆகும். மூதாதை ஒருவர் அரசன்முன் வீரச்செயல் புரிதல், அரசன் பட்டமும் பாளையமும் அளித்தல், வழித்தோன்றல்கள் அவ்வுரிமையைக் காத்தல் என்னும் கதையமைப்பு இவ்வகை நூல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. பணி, கொடை, பட்டம் என்னும் இவ்வாய்பாட்டை நிக்கலஸ் டர்க்ஸ் தம் ‘வெற்று மணிமுடி’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் (1987) விரிவாக ஆராய்ந்துள்ளார். வமிசாவளியும் தலைவனையே பெயரிட்டுப் பேசுகிறது. அவனைப் பின்தொடர்ந்தோர் எண்ணிக்கையாக நிற்கின்றனர். இவ்வகையில் கம்பெனியின் ஆவணமும் அதன் எதிரியான பாளையக்காரரின் வமிசாவளியும் ஒத்த இயல்பினவே. 1801இல் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சி கோபால நாயக்கரின் பெயரை இருதரப்பு மூலங்களும் அறியும். அவருடன் நின்ற எளிய வீரரின் பெயரை அறிய இரண்டும் பெரிதாக உதவுவதில்லை.

3. பெயர் தங்கிய இடமும் எண் சென்ற இடமும்

கம்பெனிப் படையில் இருந்த சிப்பாய்க்குப் பெயர்ப் பதிவே இல்லாமல் இருந்திருக்க முடியாது. மாதச் சம்பளம் அளிக்கவும், விடுப்பைக் கணக்கிடவும், ஓடிப்போனவரை அறியவும் பட்டாளத்திற்குப் பெயர்ப்பட்டியல் தேவை. ஆனால் அப்பட்டியல் பட்டாளத்தின் அன்றாடப் பயன்பாட்டிற்குரியது. அங்கிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து லண்டனுக்கும் சென்ற அறிக்கைகளில் இத்தனை சுபேதார், இத்தனை ஜமேதார், இத்தனை சிப்பாய் என்னும் கூட்டுத்தொகையே இடம்பெற்றது. பெயர் கீழே தங்கிற்று. எண் மேலே சென்றது. ஆவணக் காப்பகங்கள் பெரும்பாலும் மேலே சென்ற தாள்களையே காத்துள்ளன.

ஐரோப்பியர் நிலை இதற்கு நேர்மாறானது. பிரித்தானிய நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் சென்னைப் படையைச் சேர்ந்த ஐரோப்பிய அதிகாரிகள், சிப்பாய்கள் ஆகியோரின் பணிப்பதிவுகளுக்குத் தனி வரிசையே உண்டு. திருச்சபைப் பதிவுகள் அவர்தம் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தருகின்றன. ஜே. ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பு, மாவட்டந்தோறும் ஐரோப்பியரின் அடக்க இடங்களைக் காட்டுகிறது. ஆகவே திண்டுக்கல்லில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக் காலாட்படை வீரரின் கொள்ளுப்பேரன் தன் முன்னோரை லண்டனில் அமர்ந்தே கண்டறியக்கூடும். அதே கோட்டைச் சுவரில் காவல் நின்ற தமிழ்ச் சிப்பாயின் கொள்ளுப்பேத்திக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இதற்கு விலக்காகச் சுட்டத்தக்கவர் மருதநாயகம் எனவும் வழங்கப்படும் யூசுப் கான். கம்பெனிச் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்து, பின் எதிர்த்து நின்று, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட அவரைப் பற்றி எஸ். சி. ஹில் 1914இல் தனிநூலே எழுதினார். தமிழில் ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் எழுந்தது. முதலில் பயனுள்ளவராகவும் பின்னர் ஆபத்தானவராகவும் கருதப்பட்டதால்தான் அவர் ஆவணத்தில் பெயரோடு நிற்கிறார். பயனும் ஆபத்தும் இயல்பான அளவில் இருந்த சிப்பாயைப் பற்றித் தனித்தாள் எழுத வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை.

பெயர் பட்டாளத்தோடு தங்கியதன் விளைவு, பட்டாளங்கள் கலைக்கப்பட்டபோது முழுமையாக வெளிப்பட்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியரிடம் போர்க்குணம் மங்கிவிட்டது என்னும் கருத்தை உறுதியாகக் கொண்டிருந்தார். ‘போர்க்குடி’ என்னும் இக்கோட்பாடு வலுப்பெற்ற காலத்தில் சென்னைப் பட்டாளங்கள் குறைக்கப்பட்டன; பல, பெயரளவில் மட்டும் நீடித்து வடநாட்டவரால் நிரப்பப்பட்டன. எஞ்சிய 3ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்டும் 1920களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டது. மெட்ராஸ் பயனியர் பிரிவு 1930களின் தொடக்கத்தில் மறைந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர் பிரிவே 1780ஆம் ஆண்டுத் தோற்றத்திலிருந்து அறுபடாத தொடர்ச்சி உடையது. ஆகவே ஒருவரின் முன்னோர் காலாட்படையில் இருந்தாரா, சாப்பரில் இருந்தாரா என்பதைப் பொறுத்தே அவர் பெயர் கிடைக்கும் வாய்ப்பு அமைகிறது.

4. எண்ணாகிய ஊர்

முதல் உலகப்போர் ஆவணங்களில் இவ்வமைப்பைக் கணக்காகவே காணலாம். இந்திய அரசு 1923இல் வெளியிட்ட ‘பெரும்போருக்கு இந்தியாவின் பங்களிப்பு’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல் மாகாணவாரியாகப் புள்ளிவிவரம் தருகிறது. அதன்படி சென்னை மாகாணத்திலிருந்து சேர்ந்தோர் 92,340 பேர். அவருள் போரிடுவோர் 51,223, போரிடாதோர் 41,117. பஞ்சாபிலிருந்து சேர்ந்தோர் 4,46,976 பேர். அவருள் போரிடாதோர் 97,288. அதாவது பஞ்சாபில் ஐவரில் ஒருவரைச் சற்று விஞ்சிய போரிடாதோர் விகிதம், சென்னையில் நூற்றுக்கு நாற்பத்தைந்தை நெருங்குகிறது.

தேடல் முறையையே மாற்றவேண்டிய செய்தி இது. படைக்குச் சென்றவர் என்றதும் துப்பாக்கி ஏந்தியவரையே நாம் எண்ணுகிறோம். காலாட்படைப் பட்டியல்களையே புரட்டுகிறோம். ஆனால் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் சுமைதூக்குவோராகவும், தொழிலாளர் அணியினராகவும், சமையல், துப்புரவு, மருத்துவமனை, போக்குவரத்து ஆகியவற்றின் பணியாளராகவும் சென்றவர்கள். ‘போரிடாதோர்’ என்னும் சொல் பணியின் வகையைச் சுட்டுமேயன்றி, அவர் சந்தித்த ஆபத்தின் அளவைச் சுட்டாது.

போர் முடிந்தபின், ஆள் அனுப்பிய ஊர்களில் அரசு பதித்த பளிங்குப் பலகைகளைத் தமிழகத்தில் ஆங்காங்கே காணலாம். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிரீந்தனர் என்னும் ஒரே வாய்பாடு அவற்றில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டு எண்களுக்கும் ஊர்ப்பெயருக்கும் மட்டுமே இடம் மாறும். சென்றவர் பெயர் இல்லை. இறந்தவர் பெயரும் இல்லை.

இப்பலகையை நடுகல்லோடு ஒப்பிடுவது பொருத்தமாகும். வைகைப் பள்ளத்தாக்கில், முன்னாள் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று, ஆகோள் பூசலில் பட்டவனைப் பெயராலும் ஊராலும் சுட்டுகிறது. சில சொற்களே உடைய அக்கல்வெட்டு யார், எங்கே, எதற்காக என்னும் மூன்றையும் சொல்லிவிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த பளிங்குப் பலகை, இவற்றில் ‘யார்’ என்பதை விட்டுவிட்டது. இவ்வொப்பீட்டைப் பழம்பெருமை பேசுவதாகக் கொள்ளலாகாது. நடுகல்லும் எல்லா வீரருக்கும் எடுக்கப்பட்டதன்று. ஊரார் மதித்தவருக்கே அது எடுக்கப்பட்டது. ஆனால் நடுகல்லை எடுத்தவர் இறந்தவனை அறிந்தவர். பலகையைப் பதித்தவர் கணக்கை மட்டுமே அறிந்தவர். அவ்வேறுபாடு இரு மூலங்களின் சொல்லமைப்பிலேயே பதிந்துள்ளது.

நினைவிடங்களிலும் இதே நிலை. ஈராக்கின் பஸ்ரா நினைவிடம், மெசப்பொத்தேமியப் போரில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்கு உரியது. அதன் சுவர்களில் பிரித்தானியப் படையினரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட சிறப்புக் குழு அறிக்கை இத்தகைய சமமின்மையை ஒப்புக்கொண்டது. முதல் உலகப்போரில் இறந்த 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆப்பிரிக்கப் படையினர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. சுவரில் பெயர் இல்லாமை தற்செயல் அன்று, முடிவெடுத்துச் செய்யப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. அதே அரசு, அதே போருக்காக அளித்த பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் எண், பெயர், பிரிவு ஆகியவற்றைப் பொறித்தது. இறந்தோர் குடும்பங்களுக்கு அளித்த வெண்கல நினைவுத்தட்டில் பதவி குறிக்காமல் பெயர் மட்டும் வார்க்கப்பட்டது. பலர் காணும் சுவரில் எண்ணாக நின்றவர், வீட்டுப் பெட்டிக்குள் கிடந்த உலோகத்தில் பெயரோடு இருந்தார். பதக்கத்தின் உலோகமும் ஒரு சான்றே: பிரித்தானியப் போர்ப் பதக்கம் படையினருக்கு வெள்ளியிலும், தொழிலாளர் அணியினருக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. எனவே ‘தாத்தாவின் வெண்கலக் காசு’ என்று ஒரு வீட்டில் காட்டப்படுமானால், அது எந்தப் பட்டாளப் பட்டியலும் தராத விடையைத் தரக்கூடும்.

5. பத்திகளை வாசித்தல்

பெயர் கிடைத்துவிட்டாலும் திறனாய்வு முடிவதில்லை. ஆணையத்தின் இணையத் தரவில் இந்தியப் படையினரின் பதிவு பெரும்பாலும் இன்னாரின் மகன், இன்னாளின் கணவன், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்னும் வாய்பாட்டில் அமைகிறது. இவ்வாய்பாட்டின் ஒவ்வொரு பத்தியும் தனித்தனியே சோதிக்கத்தக்கது.

முதலில் மாவட்டம். திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பர் 15இல்தான். எனவே இரு உலகப்போர்ப் பதிவுகளிலும் திண்டுக்கல், பழனி, நிலக்கோட்டை ஆகிய தாலுகாக்களைச் சேர்ந்தவர் ‘மதுரா’ என்னும் மாவட்டப் பெயரின்கீழ் வருவர். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சிவகங்கை, இராமநாதபுரம் பகுதியினரும் அதே பெயரில் அடங்குவர். வடநாட்டு மதுரா அக்கால ஆங்கிலத்தில் ‘முட்ரா’ என எழுதப்பட்டது. பிற்காலப் படியெடுப்போர் இரண்டையும் குழப்பிக்கொள்ள இடமுண்டு. மாவட்டப் பெயரால் மட்டும் தேடுவோர் வேண்டாதவரைச் சேர்த்துக்கொள்வர். இன்றைய மாவட்டப் பெயரால் தேடுவோர் வேண்டியவரை இழப்பர்.

அடுத்து ஊர். இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களில் பட்டி என முடிவன மிகுதி. புதுப்பட்டி, முத்துப்பட்டி போன்ற பெயர்கள் தாலுகாதோறும் உள்ளன. பதிவில் தாலுகாவோ அஞ்சலகமோ குறிக்கப்படாவிட்டால் ஊர்ப்பெயர் அடையாளம் ஆகாது.

பின்னர் ஆட்பெயர். தமிழ் அறியாத எழுத்தர் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர் இது. கருப்பன் என்னும் பெயர் ‘கே’ என்னும் எழுத்திலும் ‘சி’ என்னும் எழுத்திலும் தொடங்கலாம். பழனியின் ழகரம் எல் என்னும் எழுத்தாக மாறும்; ஏனைய பெயர்களில் அது வேறு வடிவும் கொள்ளும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக இடும் நம் வழக்கம், குடும்பப்பெயரைத் தேடும் தரவுத்தளத்திற்குப் புறம்பானது. சுவடியியலில் பாடவேறுபாடு எனப்படுவதற்கு நிகரான நிலை இது. ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும் தொகுத்தபின்னரே ‘இல்லை’ என்னும் சொல்லை ஆய்வாளர் பயன்படுத்த வேண்டும்.

இறுதியாகச் சாதி. 19ஆம் நூற்றாண்டுச் சென்னைப் படைக் கணக்குகள் படையினரை முகமதியர், தெலிங்கர், தமிழர், கிறித்தவர் முதலான பிரிவுகளாக வகுத்தன. திண்டுக்கல் சமவெளியில் பல தலைமுறைகளாக வாழும் தெலுங்கு பேசும் குடும்பத்தவர் இக்கணக்கில் ‘தெலிங்கர்’ ஆவர். கிறித்தவம் தழுவிய ஒடுக்கப்பட்ட சாதியினர் ‘கிறித்தவர்’ என்னும் பிரிவுக்குள் மறைவர். இப்பிரிவுகள் ஆட்சேர்ப்பு அலுவலரின் வசதிக்கு உரியவை. ஊரின் சமூக அமைப்பைக் காட்ட அமைந்தவை அல்ல. அவற்றை இன்றைய சாதிப்பெயர்களுக்கு நேராக வைத்து எண்ணுவது, எடுத்த எடுப்பிலேயே பிழையில் முடியும்.

6. கழிக்கப்பட்ட தாள்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தவரின் ஆவணம் அண்மையது. ஆகவே எளிதில் கிடைக்கும் என்று எண்ணுவர். போர்க்காலத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் ஆவண அலுவலகம் நீலகிரி வெலிங்டனிலும், சாப்பர் பிரிவின் அலுவலகம் பெங்களூரிலும் உள்ளன. ஒவ்வொரு வீரருக்கும் ‘ஷீட் ரோல்’ என்னும் பணிப்பதிவு உண்டு. ஆயினும் இராணுவ ஒழுங்குவிதிகள் இத்தாள்களுக்கு ஆயுள் வரையறுத்துள்ளன. ஓய்வூதியம் பெறாதவரின் தாள்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும், ஓய்வூதியம் பெற்றவரின் தாள்கள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கழிக்கப்படும். நிலையாகக் காக்கப்படுவது ‘லாங் ரோல்’ எனப்படும் சுருக்கப் பேரேடு மட்டுமே.

போர்க்காலத்திற்கென்று சேர்க்கப்பட்டு 1945க்குப் பின் படை குறைப்பில் திருப்பி அனுப்பப்பட்டோர், ஓய்வூதியத்திற்கு வேண்டிய பதினைந்து ஆண்டுப் பணியை எட்டாதவர்கள். எனவே பேரப்பிள்ளைகள் கேட்கத் தொடங்கும் முன்பே, 1970களில், அவர்தம் தாள்களின் காலம் முடிந்துவிட்டது. மாறாக, போரில் இறந்தவர் ரங்கூன் நினைவிடத்திலோ சிங்கப்பூர் நினைவிடத்திலோ பெயரோடு நிற்கிறார். இதனால் குடும்ப வரலாற்றில் ஒரு சாய்வு நேர்கிறது: இறந்தவர் கண்டறியப்படுகிறார், உயிரோடு திரும்பி, ஊரில் ஏர் பிடித்து மாண்டவர் கண்டறியப்படுவதில்லை. இணையத் தரவை மட்டும் நம்பி எழுதப்படும் வட்டாரப் போர் வரலாறு, தவிர்க்க இயலாமல் மரணங்களின் வரலாறாகவே அமையும்.

முதல் உலகப்போரைப் பொறுத்தவரை பஞ்சாபுக்கு வேறு வாய்ப்புக் கிட்டியது. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த ஊர்வாரிப் பதிவேடுகள், ஏறத்தாழ 3,20,000 படையினர் பற்றியவை, மின்னுருவாக்கப்பட்டு 2021 முதல் இணையத்தில் வெளியிடப்படத் தொடங்கின. போர் முடிந்ததும் மாகாண அரசு ஊர்தோறும் பெயர் கேட்டுத் தொகுத்ததன் பயன் இது. பெயர் கீழே தங்குகிறது; எவரேனும் கீழே சென்று எடுத்தாலன்றி அது மேலே வராது என்னும் இக்கட்டுரையின் கருத்திற்கு அப்பதிவேடுகளே சான்று. சென்னை மாகாணத்திற்கு அத்தகைய ஊர்வாரித் தரவு ஆய்வாளரின் பயன்பாட்டில் இல்லை.

7. பெருமிதமும் மௌனமும்

மூதாதையர் தேடல் தனிக்குடும்பத்தின் ஆவலோடு நிற்பதில்லை. ‘எங்கள் குலம் படைநடத்திய குலம்’ என்னும் கூற்று இன்று சாதி வரலாற்று நூல்களின் மையக் கூற்றாக உள்ளது. இக்கூற்றுக்குப் படை ஆவணம் சான்றாகக் காட்டப்படும்போது, அவ்வாவணத்தை உருவாக்கிய கோட்பாடும் உடன்வந்து சேர்கிறது. போர்க்குடி, போர்க்குடி அல்லாதார் என்னும் பிரிவினை ஆங்கில அதிகாரிகளின் ஆட்சேர்ப்புக் கொள்கை. அதே கோட்பாடு தமிழர் அனைவரையுமே ஒதுக்கித் தள்ளியது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் ஏற்பட்ட தோல்விக்கு 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையை ஆங்கிலேயர் பலர் பழித்தனர்; ஆயத்தமின்மையும் தலைமையின் பிழைகளும் அப்பழிக்குப் பின்னே மறைந்தன. நம்மைத் தாழ்த்தப் பயன்பட்ட அளவுகோலையே எடுத்து நமக்குள் சிலரை உயர்த்திக்கொள்வது ஆய்வுக்குப் பொருந்தாது.

இதன் மறுபக்கம் மௌனம். சாப்பர், பயனியர் பிரிவுகளில் பறையரும் கிறித்தவரும் பெருமளவில் பணியாற்றினர். அகழி வெட்டியவர், பாலம் கட்டியவர், பாதை அமைத்தவர் அவர்களே. தொழிலாளர் அணிகளிலும் சுமை அணிகளிலும் சென்றோர் பெரும்பாலும் நிலமற்ற எளியோர். ஊர் நினைவில் ‘பட்டாளத்துக்காரர்’ என்னும் மதிப்பு இவர்களுள் எத்தனை பேருக்குக் கிட்டியது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. பதிவேடு ஒருமுறை மறைத்தவரைக் குலப்பெருமை மறுமுறை மறைக்கிறது. படைப்பணியை வீரத்தின் சான்றாக மட்டும் காணாமல், கூலி, வறுமை, பஞ்சம், இடப்பெயர்வு ஆகியவற்றோடு இணைந்த உழைப்பாகக் கண்டால் இம்மௌனம் கலையும். நாட்டுப்புற வரலாற்றில் வாய்மொழிச் சான்றை மதிக்கக் கற்ற தமிழாய்வு, இங்கும் அம்மதிப்பைக் காட்ட வேண்டும்.

8. முடிவுரை

மேற்கண்ட வாதம் மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, படை ஆவணத்தில் ஒருவர் பெயர் இல்லாமை அவர் படையில் இல்லாமைக்குச் சான்று ஆகாது. பெயர் எந்த நிலையில் எழுதப்பட்டது, எந்த நிலையில் விடப்பட்டது, எப்போது கழிக்கப்பட்டது என்பதைக் காட்டிய பின்னரே அம்முடிவுக்கு வரலாம். இரண்டாவது, பெயர் இருத்தலும் தானே முடிவாகாது; மாவட்டம், ஊர், பெயர்வடிவம், சாதிப்பத்தி ஆகிய நான்கையும் சோதித்த பின்னரே அடையாளம் நிறுவப்படும். மூன்றாவது, தேடலின் திசை மாற வேண்டும். லண்டனும் டெல்லியும் எண்களைக் காத்துள்ளன. பெயர்கள் வீடுகளில் உள்ளன.

பதக்கத்தின் விளிம்பு, டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மணியார்டர் துண்டு, பின்புறம் ஊர்ப்பெயர் எழுதிய நிழற்படம் ஆகியவை இன்னும் சில வீடுகளில் எஞ்சியுள்ளன. திண்டுக்கல், பழனி, நிலக்கோட்டை, வேடசந்தூர் வட்டங்களில் ஊர்வாரியாக இவற்றைப் படம்பிடித்துத் தொகுக்கும் பணியை இவ்வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் மேற்கொள்ளலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் துணையையும் அதற்கு நாடலாம். பதக்கத்தின் வெள்ளி உருக்கப்பட்டால் விளிம்பில் உள்ள பெயரும் உடன் உருகும். அப்பெயருக்கு வேறு படி இல்லை.